எது பாவம்? எது நாகரிகம்?

மரக்காணம் உப்பளக் கரையில், தொழிலாளர் குடியிருக்கும் தெருக்களில், தகரக் கூரை வேய்ந்த சிறு ஜெப வீடுகளைக் காணலாம். வாரமெல்லாம் பாத்தியில் உப்பு வாரிய கைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜெபத்துக்கு உயர்கின்றன. சுவிசேஷ சபைகள், பெந்தெகொஸ்தே சபைகள் என்று பெயர் பெற்ற இச்சபைகளின் போதகர்களை இன்று ஒரு பெருங்கவலை பிடித்திருக்கிறது. சினிமா, தொலைக்காட்சி, கைபேசி, புது மோஸ்தர் உடை, காதல் கல்யாணம் எல்லாம் சேர்ந்து தங்கள் வாலிபர்களை இழுத்துச் செல்கின்றன என்கிறார்கள். நவநாகரிகமே சாத்தானின் வலை என்று பிரசங்கிக்கிறார்கள்.

இக்கவலையை எள்ளி நகையாடுவோர் உண்டு. அவர்களோடு நாம் சேரமாட்டோம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 10க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கியபின் குடியை விட்டவர்கள், கூலியை ஒழுங்காக வீட்டில் கொடுப்பவர்கள், மனைவியை அடிப்பதை நிறுத்தியவர்கள் உழைப்பாளர் தெருக்களில் இருக்கிறார்கள். அந்தப் பெண்களைக் கேளுங்கள். ஜெப வீடு தங்களுக்கு என்ன தந்தது என்று சொல்வார்கள். குடிக்கு எதிராகப் போதகர் எழுப்பும் குரலை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். நவநாகரிகம் என்பது ஒரே பொருளா? சாராயமும் சூதாட்டமும் ஆபாசமும் விற்று லாபம் குவிப்பது ஒரு நாகரிகம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும், பெண்ணுக்குச் சம உரிமையும், எட்டு மணி நேர வேலையும் வேறொரு நாகரிகம். முன்னது சந்தை தந்தது. பின்னது ஜனங்கள் போராடிப் பெற்றது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் எறிவது என்ன நியாயம்?

சுவிசேஷ சபைகளின் சொந்தச் சரித்திரமே இதற்குப் பதில் சொல்லும். 1706இல் இதே சோழமண்டலக் கரையில், தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்தார்; 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1707லேயே அங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கப்பட்டது. அந்நாளில் அச்சு இயந்திரத்தைவிட, படித்த பெண்ணைவிடப் புதிய நாகரிகம் எது?

மரக்காணத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனத்தைப் பாருங்கள். அங்கே ஆற்காடு மிஷன் பங்களாவில் 1890களில் ஓர் இரவு மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினர். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் பெண்ணைத் தொடலாகாது என்று அவர்களின் வழக்கம் தடுத்தது. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த மரணங்களைக் கண்ட டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஜெபம் செய்த குடும்பம்தான். ஆயினும் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டாம், ஜெபமே போதும் என்று இன்று சொல்லும் போதகர்கள் யாருடைய வழியில் போகிறார்கள்?

உடையைப் பற்றிய பிரசங்கமும் அப்படியே. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பட்ட அடி கொஞ்சமா? சபையில் சேர்ந்த பெண்கள் முன்னணியில் நின்றனர். மிஷனரிகள் துணை நின்றனர். 1859இல் அரசு பணிந்தது. மேல்சாதியார் அன்று அந்த மேலாடையையே அடங்காத்தனம் என்றனர். அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு இன்று கம்மலும் சுடிதாரும் பாவம் என்று போதிப்பது எவ்வளவு விசித்திரம்!

கைபேசி பாவம் என்ற பிரசங்கம் கைபேசியிலேயே வருகிறது. ஆகவே கருவியில் பாவமில்லை; அது யார் கையில், யார் நலனுக்கு என்பதே கேள்வி.

உலகச் சரித்திரத்திலும் இந்த இரு வழிகள் உண்டு. இங்கிலாந்தில் வில்பர்போர்ஸ் போன்ற சுவிசேஷகர்கள் போராடி 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யவைத்தனர். அமெரிக்காவிலோ 1845இல் அடிமை முதலாளிகளின் பக்கம் நின்று தெற்கத்திய பாப்திஸ்து சபை பிரிந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க அதற்கு 150 ஆண்டு ஆயிற்று. 1974இல் லோசான் நகரில் கூடிய உலகச் சுவிசேஷகர் மாநாடு, சமூக, அரசியல் கடமையும் கிறிஸ்தவக் கடமையே என்று பிரகடனம் செய்தது. அந்தப் பிரகடனம் நம் ஜெப வீடுகளின் பிரசங்க மேடைக்கு எப்போது வரும்?

உப்பள வெயிலில் கண் கூசுகிறது. உப்பு நீரில் கால் வெடிக்கிறது. மழை வந்தால் வேலையில்லை. அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு 2022இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது; அதைக் கொண்டு எத்தனை நாள் அடுப்பெரியும்? மிச்ச நாட்களுக்குக் கடன்தான். யாக்கோபின் நிருபம் கூலியைப் பிடித்துவைத்த நிலச் சொந்தக்காரரைக் கடுமையாகக் கண்டிக்கிறது. கம்மலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் மேடை, இந்தக் கண்டனத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசக்கூடாதா?

அரசின் அநீதியும் சிறிதல்ல. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற அன்றே சேரி மறைந்து, சாதிக் கொடுமை ஒழிந்துவிடுகிறதா? இந்தத் தடையை நீக்கும்படி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்த உரிமைக்காகச் சபைகள் தெருவுக்கு வரட்டும். சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெண் கொடுப்பதையும், தனிக் கல்லறை வைப்பதையும் ஒழிக்கட்டும்.

விசுவாசம் அவரவர் உரிமை. ஜெப வீட்டின்மேல் கல் விழுந்தால் அது ஜனநாயகத்தின்மேல் விழுந்த கல்; அதைத் தடுக்க உழைப்பாளி மக்கள் அனைவரும் முன்வரவேண்டும். அதேபோல் போதகர்களும் தம் வாலிபர்களைப் பயமுறுத்துவதை விடவேண்டும். பெண்ணைப் படிக்க விடுங்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கூலி உயர்வு கேட்கும் உப்பளத் தொழிலாளி, எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், பக்கத்து வரப்பில் நிற்கும் தொழிலாளியோடு கை கோக்கட்டும், அதைத் தடுக்காதீர்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறது நம் நாட்டுப் பழமொழி. உப்பை விளைவிப்பவரை நினைக்கும் நாகரிகமே நமக்கு வேண்டிய நாகரிகம். அவரை மறப்பதே பாவம்.