பெயரேட்டில் வாழும் பேராசிரியர்கள்

பொறியியல் கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிறவரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டு வெகுநாளாயிற்று. "வேறு வேலை கிடைக்காதவர்தானே அங்கே போய்ச் சேருகிறார்?" என்பதே அத்தீர்ப்பு. சம்பந்தம் பேசும் இடத்தில் மாப்பிள்ளை கல்லூரி ஆசிரியர் என்று சொன்னால், அரசுக் கல்லூரியா, தனியாரா என்று கேட்டு, "தனியார்" என்ற விடை வந்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பும் பெரியவர்களை நாம் அறிவோம். தம் பிள்ளையை நான்காண்டுக் காலம் அமானிதமாக ஒப்படைக்கப் போவது அத்தகைய மனிதரிடந்தான் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவு வருவதில்லை. இந்த இளக்காரம் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் எழுத வேண்டியதில்லை. அது ஒரு பெரும் மோசடிக்கு நிழல் கொடுத்தது என்பதே நம் குற்றச்சாட்டு.

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 2023-24 கல்வியாண்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தனர். ஒரே மனிதர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 'பணியாற்றிய' விந்தையும் அதில் இருந்தது. அன்றைய துணைவேந்தர் வேல்ராஜும் மறுக்கவில்லை. 189 பேர் ஏறத்தாழ 2000 பணியிடங்களை நிரப்பியிருப்பது முதற்கட்ட ஆய்விலேயே தெரிந்ததாக அவர் அறிவித்தார்.

செய்தி வந்ததும் ஊர் என்ன சொன்னது? "பார்த்தீர்களா, வாத்தியார்களின் யோக்கியதையை!" என்றது. பெயரை விற்றவர் குற்றவாளியே. அவருக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் விற்பவர் ஒருவர் இருந்தால் வாங்குபவர் ஒருவர் இருக்க வேண்டுமன்றோ? அந்த 2000 நாற்காலிகளில் உண்மையான ஆசிரியர்கள் அமர்ந்திருந்தால் மாதந்தோறும் ஊதியம் கொடுத்திருக்க வேண்டும். பெயர் மட்டும் அமர்ந்திருந்தால் ஆய்வு நாளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடலாம். ஆதாயம் எந்தப் பக்கம் பெரிது என்பது மளிகைக் கடை நடத்துகிறவருக்கும் விளங்கும். அந்த வகுப்புகளுக்கும் யாரோ பாடம் நடத்தித்தானே இருக்க வேண்டும்? தம் பாடத்தோடு பிறர் பாடத்தையும் சுமந்த ஆசிரியர்களைப் பற்றி எவரும் பட்டியல் வெளியிடவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசலைத் திறந்தது. அவ்வாண்டிலேயே வண்டலூரில் கிரசென்ட்டும், கீழக்கரையில் முகம்மது சதக்கும் எழுந்தன. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் பட்டதாரிப் பொறியாளர்களானதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் மாநிலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின; பல மூடவும் பட்டன. கட்டடத்திற்கு இத்தனை சதுர மீட்டர், நூலகத்திற்கு இத்தனை நூல்கள் என்றெல்லாம் விதி வகுத்த அரசும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், ஆசிரியரை ஓர் எண்ணிக்கையாகவே கண்டன.

அந்த எண்ணிக்கையும் சுருங்கியது. பதினைந்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை, இருபது மாணவர்க்கு ஒருவர் என்று 2018-19இலிருந்து அக்குழு தளர்த்தியது. ஆண்டுக்கு அறுபது பேர் சேரும் ஒரு துறையில் நான்காண்டுக்கும் 240 மாணவர்கள். பழைய கணக்கில் 16 ஆசிரியர்கள் தேவை. புதிய கணக்கில் 12 பேர் போதும். ஐந்து துறைகள் கொண்ட கல்லூரியில் இருபது குடும்பங்களின் வருவாய் ஒரே கையெழுத்தில் தேவையற்றதாகிவிட்டது. அதே குழு 2019இல் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்றும் அறிவித்தது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது! முதுகலைப் பட்டம் பெற்றுவந்த இளைஞர்க்குப் பல தனியார் கல்லூரிகளில் அதில் பாதியும் எட்டாது என்பதை அறியாதார் யார்?

பூவிருந்தவல்லி–ஆவடி சாலையிலுள்ள சென்னீர்குப்பத்தில் காலை ஏழு மணிக்கு நிற்பவர் இந்த முரணைக் கண்ணாலேயே காணலாம். தண்டலம் பக்கமும் திருவேற்காடு பக்கமும் செல்லும் கல்லூரிப் பேருந்துகள் ஒருபுறம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளர்கள் மறுபுறம். அம்பத்தூரில் நிரந்தர வேலையிலுள்ள பிட்டரை முதலாளி காரணமின்றி நீக்கினால், அவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறலாம். (ஒப்பந்தத் தொழிலாளியின் துயரம் வேறு; அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) அந்தப் பிட்டரின் மகனுக்கு இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியரை நீக்கினால் அவர் ஏற அந்தப் படி இல்லை. ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988இல், கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற பள்ளி ஆசிரியையின் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும், பத்திரிகையாளரும் விற்பனை ஊழியரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க, ஆசிரியரின் பெயர் இல்லை. பணிக்கொடை பெறுவதற்கே 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கோடை விடுமுறை வந்தால் ஆசிரியருக்கு வேறு வேலை. ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் சென்று, "எங்கள் கல்லூரியில் சேருங்கள்" என்று ஆள் பிடிக்க வேண்டும். இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று கெடு விதிக்கும் நிர்வாகங்கள் உண்டு. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கத்தைக் கல்விக் குழு கண்டித்தும் அது ஒழியவில்லை. அடகுக் கடையிலாவது வட்டி கட்டினால் நகை திரும்பும்!

நிர்வாகத்தினர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, 2017இல் கலந்தாய்வு மாணவர்க்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவானால் 55,000 என்று கட்டிப்போட்டுவிட்டது, இடங்களும் நிரம்புவதில்லை, ஊதியத்திற்கு எங்கே போவது என்கிறார்கள். சிறு கல்லூரிகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர் பாடப்பிரிவைக் குறைக்கட்டும். அல்லது வரவு செலவுக் கணக்கை வெளியிட்டு அரசிடம் முறையிடட்டும். இல்லாத ஆசிரியரை இருப்பதாகக் காட்டுவதற்கு வறுமை காரணமாகாது.

நம் சமுதாயத்திற்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. எம்.இ. படித்த நம் பெண்மக்கள் பலர் இக்கல்லூரிகளில் ஆசிரியைகளாக இருக்கின்றனர். பெற்றோர் அனுப்பியதற்குக் காரணம், "பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை, மாலையில் வீடு திரும்பிவிடலாம்" என்பது. சரி, ஆனால் அதே வாய், "சம்பளம் எவ்வளவானால் என்ன, வீட்டிலா அரிசி இல்லை?" என்றும் கேட்கிறது. நிர்வாகத்திற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊதிய உயர்வு கேளாத, ஊதியம் இரண்டு மாதம் தாமதமானாலும் முணுமுணுக்காத ஓர் ஆசிரியையை நாமே தயார் செய்து அனுப்புகிறோம். அவருக்குக் குறைத்துக் கொடுப்பது வழக்கமானபின், பக்கத்து அறையில் நான்கு பேரைக் காப்பாற்ற வேண்டிய ஆசிரியருக்கும் அந்தக் குறைந்த தொகையே அளவுகோலாகிறது. அவர் கிடைத்த முதல் மென்பொருள் வேலைக்கோ, வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். பிறகு நாம் சொல்கிறோம்: நல்லவர்கள் ஆசிரியப் பணிக்கு வருவதில்லை என்று! வந்தவரை விரட்டியது யார்?

ஆகவே முதலில் நம் சமுதாயப் பெருமக்கள் நடத்தும் கல்லூரிகளிடமே கேட்போம். ஆசிரியர் ஒவ்வொருவரின் பெயர், தகுதி, சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை வாசலிலேயே எழுதி வைக்கட்டும். ஊதியம் எந்தத் தேதியில், எந்த விகிதத்தில் என்பதை அறிவிக்கட்டும். தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர் முறையிடுவதற்கென, காலக்கெடுவோடு தீர்ப்புச் சொல்லும் தீர்ப்பாயம் ஒன்றை மாநில அரசு அமைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு, அறிவித்துவிட்டுப் போகாமல், வகுப்பு நடக்கும் சாதாரண நாளில் போகட்டும்.

பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கலந்தாய்வுக் காலத்தில் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் பேருந்து வருமா, விடுதி உண்டா, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கட்டடத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்புகிறார்கள். நான்காவதாக ஒன்று கேட்கட்டும்: "என் மகன் சேரப்போகும் துறையில் ஐந்தாண்டுக்கு மேல் இங்கேயே நீடித்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்களில் இருவரை நான் இப்போதே பார்த்துப் பேசலாமா?"