சுவரோரம் இரண்டடி மண் விடுங்கள்!

புது வீடு கட்டுகிறவர்கள் வாசல் முதல் கொல்லை வரை ஒரு அங்குலம் விடாமல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். கேட்டால், "பெருக்கச் சுலபம், சேறு கிடையாது" என்று பதில். பெருக்குவது நாம்தான், ஒத்துக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் காய்ந்து, சாயங்காலம் அடுப்படியில் அனல் அடிக்கும்போது வேகுவதும் நாம்தானே!

எங்கள் சமையலறையின் மேற்குச் சுவரோரம் மட்டும் இரண்டடி மண் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். "செடி வெச்சா சுவர் போயிடும்மா" என்றார் மேஸ்திரி. "பாம்பு வரும்" என்றார் மாமியார். இவர் வாயே திறக்கவில்லை. ரங்கூன் மல்லி வைத்தேன்.

சுவரைப் பிளப்பது ஆலும் அரசும். ரங்கூன் மல்லி சுவரில் வேர்விட்டு ஒட்டாது. சுற்றிக்கொள்ளப் பிடிப்பு வேண்டும், அவ்வளவுதான். சுவரிலிருந்து அரையடி தள்ளி இரும்புக் குழாய் நட்டு, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினால் போதும். குழியையும் சுவரைவிட்டுத் தள்ளியே எடுங்கள். ஒன்றரை அடி ஆழம், செம்மண்ணோடு மக்கிய சாண எரு. யூரியா அதிகம் போட்டால் இலைதான் மண்டும். பூ வேண்டுமானால் நல்ல வெயில் வேண்டும். பூத்து ஓய்ந்ததும் தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுங்கள், புதுத் தளிரில்தான் அடுத்த கொத்து வரும். வெட்டும்போது கை ஜாக்கிரதை, இலை உதிர்ந்த காம்பு முள்ளாக நிற்கும். அடியில் முழங்கால் உயரத்துக்குக் கிளை, சருகு இல்லாமல் வைத்தால் தரை பளிச்சென்று தெரியும். மாமியாரும் இப்போது பாம்புப் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டாம் வருஷமே ஜன்னலுக்கு மேல் ஏறிவிட்டது. சுவரில் கை வைத்தால் முன்போலச் சுடுவதில்லை. சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, பிறகு ரோஸ் நிறமாகி, கடைசியில் நல்ல சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். "தலையில் வைக்காத பூ எதுக்கு?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ராத்திரி வாசனை அவர் வீட்டுக்கும்தான் போகிறது!

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பேருக்குக் குழாயை வைத்துவிட்டு, முற்றத்து மழையைத் தெருவுக்குத் தள்ளுகிறோம். அந்த இரண்டடி மண் தன் பங்குக்குக் கொஞ்சமாவது குடிக்கும்.

பிளான் போடும்போது பெண்களிடம் கேட்பது பூஜை அறையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் எங்கே என்றுதான். அப்போதே இதையும் சொல்லிவிடுங்கள், சகோதரிகளே. ஏற்கெனவே பூசியாகிவிட்டதா? இரண்டடிக்கு இரண்டடி உடைத்தாலே ஒரு கொடிக்குப் போதும்.

– ஒரு வாசகி, நாமக்கல்