எச்சரிக்கும் விளக்கே பேட்டரியைத் தின்னலாமா?

முதுகில் சுமக்கும் பேட்டரி தெளிப்பான் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் சிறு விவசாயிகளிடமும் வந்துவிட்டது. கைவலி குறைந்தது உண்மையே. ஆனால் பாதி வயலில் பேட்டரி தீர்ந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது.

சார்ஜ் குறைந்தால் பம்பின் அழுத்தம் குறையும். துளிகள் பெரிதாகி, மருந்து சீராகப் படியாது. பூச்சி தப்பிக்கும், மருந்துச் செலவு வீணாகும். மேலும், காரீய-அமில பேட்டரியை அடியோடு தீரவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் வராது.

எனவே, சார்ஜ் குறைவதை முன்கூட்டியே காட்டும் விளக்கு அவசியம். 12 வோல்ட் பேட்டரியை, பம்பு ஓடும்போது, 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. 11.5 வோல்ட்டிலேயே விளக்கு எச்சரித்தால் கையிலுள்ள பாத்தியை முடித்துக் கரையேறலாம்.

அந்த விளக்கும் சிக்கனமாக எரிய வேண்டும். 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,600 மில்லி ஆம்பியர்-மணி, மீதமுள்ளதாகக் கொள்வோம். 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் 160 மணி நேரத்தில், ஏழு நாளுக்குள், அந்த மீதியும் தீரும். ஸ்விட்சை அணைக்க மறந்து கொட்டகையில் வைத்தவருக்கு, எச்சரித்த விளக்கே எமனாகும்!

இரண்டு விநாடிக்கு ஒருமுறை, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னினால், விளக்கின் செலவு நூறில் ஒன்றாகும். மின்னும் விளக்கு கண்ணிலும் எளிதில் படும். அதையும் தொட்டியின் பின்புறம் வைத்துப் பயனில்லை. சுமப்பவர் பார்க்கும்படி தோள்பட்டை வாரில் அமைக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியபின் நம் மாவட்டக் கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. டார்ச் லைட்டிலும் ரேடியோவிலும் மிஞ்சிய சார்ஜின் அருமையை அன்று அறிந்தோம். அவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

மானியத்தில் வழங்கும் தெளிப்பான்களுக்கு இத்தகைய விளக்கை நிபந்தனையாக்குவது நல்லது. விவசாயிகளும் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். அதுவரை, வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணையுங்கள். அன்றிரவே சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரியின் ஆயுள் நீளும்.