ஞாயிறு யாருக்கு விடுமுறை?



வெள்ளி மாலை ஆகிவிட்டால் சென்னையிலிருந்து புறப்படும் வாகனங்கள் திண்டிவனத்தை நோக்கி வரிசை கட்டுகின்றன. அங்கே ஒரு பகுதி புதுச்சேரிக்குத் திரும்புகிறது. மற்றவை விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் காத்துக் கிடந்து, விழுப்புரத்தைக் கடந்து தெற்கே போகின்றன. இந்த இரண்டு ஊர்களிலும் வாழும் நம் குடும்பத்தார் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சற்றுப் பெருமிதத்துடன் சொல்லிக்கொள்வதுண்டு: "நாம் எங்கும் அலைந்து பணத்தைக் கரைப்பதில்லை, வார இறுதியை வீட்டிலேயே மகிழ்ச்சியாகக் கழிக்கிறோம்." நல்ல பண்புதான். வீண்விரயம் இல்லை, பிள்ளைகளும் கண்முன்னே இருக்கிறார்கள். ஆனால் அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே நம் கேள்வி.

அண்மையில் திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு ஞாயிறு மதிய விருந்துக்காகக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். ஃபஜ்ரு தொழுதுவிட்டு மீண்டும் படுத்துப் பத்து மணிக்கே எழுந்ததாக வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சொன்னார். பிள்ளைகள் மக்தபிலிருந்து வந்து செல்பேசியில் மூழ்கியிருந்தனர். லுஹருக்குப் பின் விரிப்பு விரிக்கப்பட்டது. பிரியாணி, தாளிச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, வறுத்த கோழி, கடைசியில் ஃபிர்னி. நாமும் வயிறார உண்டோம், 'வீட்டில் இருப்பதைப் போல் சுகம் உண்டா' என்று அவர் சொன்னபோது நாமும் தலையசைத்தோம். திரும்பும் வழியில், பேருந்தில், நம் வீட்டுப் பெண்கள் பின்கட்டில் கண்டதைச் சொன்னார்கள். மாலை நான்கு மணிக்கு அந்த வீட்டுச் சகோதரி சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தட்டில் போட்டு, நின்றபடியே உண்டுகொண்டிருந்தாராம். காலடியில் ஒரு வாரத்துப் பள்ளிச் சீருடைகள் ஊறிக்கொண்டிருந்தனவாம். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வின் அருமையைப் பேசிக்கொண்டிருந்த நம்மில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

இது ஒரு வீட்டின் குறை அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, நம் நாட்டில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். அந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களுடைய சராசரி என்று எண்ணிவிட வேண்டாம். நூற்றுக்கு 26 ஆண்களே அவ்வேலையில் கைவைத்தனர். பெண்களோ 81 பேர். இக்கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது என்பவர், போன ஞாயிறன்று தம் வீட்டில் வெங்காயம் உரித்தவர் யார், தட்டு கழுவியவர் யார் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

வார விடுமுறை எவருக்கும் வானிலிருந்து விழவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு 1890-இல்தான் ஞாயிறு ஓய்வைப் பெற்றார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வார ஓய்வை உறுதிசெய்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. அடுப்படியில் நிற்பவளுக்காக எவரும் கேட்கவில்லை; அவளும் கேட்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் கணவர்மார் முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை அழைப்பார்கள். 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபின், துபையில் இருப்பவரின் காணொளி அழைப்பும் நம் ஊரின் ஞாயிறு சமையலுக்கு நடுவே வருகிறது. ஒரு கையில் கரண்டி, மறுகையில் செல்பேசி. "என்ன, விடுமுறை நாளில் முகம் வாடியிருக்கிறது?" என்று அங்கிருந்து கேட்கிறார்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஓய்வு, மகிழ்ச்சி என்ற பேச்சையே வீண் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளில் மக்கள் பலர் இழப்புக்குள்ளாகின்றனர் என்ற நபிமொழியை அவர்கள் எடுத்துரைப்பார்கள். அது உண்மை. ஆனால் அதே ஸஹீஹுல் புகாரியில் ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகியோரின் நிகழ்வும் இருக்கிறது. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு என்று ஸல்மான் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் உண்மை என ஏற்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள் நம் நபி. பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னையார் தாமாகச் சலித்துத் திரும்பும்வரை அவர்களுக்காக நின்றார்கள். எவ்வளவு நேரம் போதும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்று கவனியுங்கள்.

வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்ததும் புகாரியிலேயே உள்ளது. தாடியின் அளவையும் மிஸ்வாக்கின் சிறப்பையும் மணிக்கணக்கில் பேசும் நாம் இந்த சுன்னத்தை எந்த அலமாரியில் பூட்டி வைத்தோம்?

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று மட்டும் சொல்ல வேண்டாம். ரமளான் வந்தால் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது யார்? நோன்பு வைத்த வாயோடு, உப்புக்கூடச் சுவை பார்க்காமல், லுஹரிலிருந்து அஸர் வரை அகப்பை பிடித்து நிற்பவர்கள் ஆண்களே. நூற்றுக்கணக்கானோருக்குக் கஞ்சி கிண்டுகிறார்கள். அண்டாக்களையும் அவர்களே தேய்த்துக் கவிழ்க்கிறார்கள். நம் திருமணங்களில் தேக்சாவுக்கு முன் நின்று தம் போடும் பாவர்ச்சியும் ஆண்தான். ஊருக்குச் சமைத்தால் பெருமை, வீட்டுக்குச் சமைத்தால் இழிவு என்பது எந்த ஃபிக்ஹு நூலில் இருக்கிறது?

"அவளே ஆசைப்பட்டுத்தான் சமைக்கிறாள்" என்பார்கள். ஆசையோடு சமைப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல இடமிருந்தால்தான் அதன் பெயர் ஆசை. "நான் ஆறு நாளும் கடையில் நிற்கிறேன்" என்பவரின் களைப்பும் மெய்யே. அவருக்கு ஏழாவது நாள் இருக்கிறது.

வீட்டிலேயே மகிழ்ந்திருக்க வழிகளா இல்லை? ஞாயிறன்று பிரியாணி கட்டாயம் என்று எவரும் ஃபத்வா கொடுக்கவில்லை; ஒரு குழம்பும் ஒரு பொரியலும் போதும். மாலையில் ஒரு சட்டி மல்லாட்டை அவித்துப் போட்டால், ஆளுக்கொரு கை அள்ளி மாடியில் உட்கார்ந்து உரித்துத் தின்னலாம். தோலைக் கூட்டுவது பிள்ளைகள் வேலை. (நிலக்கடலையில் டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் நம் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை, அந்த எழுத்துகளும் நம் ஊரையே குறிக்கின்றன என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?) பகடை உருட்டுவதை மார்க்கம் விலக்கியிருப்பதால் தாயக்கட்டை வேண்டாம், பல்லாங்குழிக்குப் பகடை தேவையில்லை. நன்னியை உட்கார வைத்துப் பழங்கதை கேட்கலாம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்குள் நவாப் சாதத்துல்லா கான் பெயரால் ஒரு பழைய பள்ளிவாசல் நிற்பதை அத்தா சொல்லலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான்: அம்மாவும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே நடப்பது குடும்ப மகிழ்ச்சி அன்று.

சொல்லிவிட்டுச் செய்யாமலிருக்க அஞ்சி, சென்ற ஞாயிறு விழுப்புரத்தில் நம் வீட்டு அடுப்படியை ஆண்கள் ஏற்றோம். சோறு குழைந்தது. தாளிச்சாவில் இருவர் தனித்தனியே உப்புப் போட்டுவிட்டோம். இருந்தும் இரண்டரை மணிக்குப் பெண்கள் முதலில் விரிப்பில் அமர்ந்தார்கள், நாம் பரிமாறினோம். உப்பைப் பற்றி அவர்கள் பேசவில்லை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு பாத்திரம் கழுவப் போனபோதுதான், பின்கட்டுக் குழாயில் தண்ணீர் நூல் போல வருவதை முதன்முறையாகக் கண்டோம். அதைப் பழுது பார்க்க ஆளை அழைக்கும்படி மூன்று மாதங்களாக நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.