அடிபட்ட அணிலுக்குப் பால் வேண்டாம்: சோரியாங்குப்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

சோரியாங்குப்பத்தில் கொல்லைக்கு வரும் அணில், முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் உள்ள தென்னிந்திய அணில். வட இந்தியாவில் பரவலாக இருக்கும் அணிலுக்கு ஐந்து கோடுகள். மூன்று வரி என்ற அடையாளத்தைத் தொல்காப்பியத்தின் மரபியலே சொல்கிறது. அதன் இளமைக்குக் குட்டி என்ற பெயரையும் அங்கேயே தருகிறது. ஊர்ப்பேச்சில் அது அணில்பிள்ளை. தென்னையின் மட்டை இடுக்கிலும், வேப்பமரப் பொந்திலும், சில வீடுகளில் கூரைச் சந்திலும் தேங்காய் நார், காய்ந்த புல், கிழிந்த துணி என்று கிடைத்ததை வைத்துக் கூடு கட்டுகிறது. வீட்டைச் சுற்றியே பிறந்து வீட்டைச் சுற்றியே இரை தேடுவதால், அடிபடுவதும் வீட்டைச் சுற்றியே. விழுந்து கிடக்கும் அணிலைக் கையில் எடுப்பவர்கள் இரக்கப்பட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யும் தவறுகளால், பிழைத்திருக்க வேண்டிய பல அணில்கள் செத்துப்போகின்றன. அதைத் தவிர்க்கவே ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து இந்த வேண்டுகோளை விடுக்கிறார்கள்.

முதுகுக் கோடுகள் ராமர் தடவியதால் வந்தவை என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்த உடல் எவ்வளவு சிறியது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ந்த அணிலின் எடை ஏறக்குறைய 100 கிராம், அதாவது இரண்டு கோழிமுட்டை. அதற்குள் ஓடும் ரத்தம் 6, 7 மில்லி லிட்டர். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். மனிதருக்குச் சிறு கீறலாகத் தெரியும் ரத்தக்கசிவு அணிலுக்குப் பெரிய இழப்பு. சிறிய உடல் என்பதால் சூடும் வேகமாக இறங்கிவிடும். அதோடு, மனிதரின் கை அதற்குப் பூனையின் வாயைப் போன்றதுதான். தடவிக் கொடுத்தால் அது ஆறுதல் அடைவதில்லை, இன்னும் மிரள்கிறது. கையில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து "பழகிடுச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது அதிர்ச்சியில் உறைந்து கிடக்கும் நிலை.

அடிபடும் வழிகள் ஊருக்கு ஊர் மாறும். சோரியாங்குப்பம் இருக்கும் பாகூர் கொம்யூன் நெல்லும் கரும்பும் தென்னையும் உள்ள பகுதி. தேங்காய் பறித்து மட்டை கழிக்கும்போது பன்னாடையோடு கூடும் சேர்ந்து விழுகிறது. வயலில் எலிக்கு வைக்கும் மருந்தை அணிலும் தின்கிறது. வீட்டில் எலிக்கு வைக்கும் பசை அட்டையில் அணில் ஒட்டிக்கொள்கிறது. பூனை, நாய், காக்கை, வல்லூறு, மின்கம்பி, இருசக்கர வண்டி எல்லாமும் உண்டு. சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் பாதியாகக் கிடக்கும்போது குடிக்க இறங்கி, வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் மூழ்கிப்போவதும் கோடையில் நடக்கிறது. தொட்டிக்குள் ஒரு தென்னை மட்டையைச் சாய்த்து வைத்தால் அந்தச் சாவு இல்லை. புயல் காலம் தனி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது இந்தப் பகுதியில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் பாகூர் பகுதிக் கிராமங்களை மறக்க முடியாத அளவுக்குப் பாதித்தன. மரம் விழுந்தால் அதிலிருந்த கூடும் விழும். கிளைகளை அறுத்து அப்புறப்படுத்தும் முன் மட்டை இடுக்குகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நொண்டும் அணில் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை. தினமும் கொல்லைக்கு வரும் அணில் ஒருநாள் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், மரம் ஏறுகிறது, தின்கிறது, நாயைக் கண்டால் ஓடுகிறது என்றால் அதை விட்டுவிடுவதே சரி. வாலில் பாதியை இழந்த அணில்களும் மூன்று காலில் ஓடும் அணில்களும் வெளியில் நன்றாகவே வாழ்கின்றன. பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டில் தண்ணீரும், உப்பில்லாத பச்சை நிலக்கடலையும், கொய்யாத் துண்டும் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து கவனித்தால் போதும். பிஸ்கட், முறுக்கு, சோறு வேண்டாம். தரையிலேயே கிடப்பது, ஆள் நெருங்கினாலும் ஓடாதது, பின்னங்கால்களை இழுப்பது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, வாய் திறந்து மூச்சு வாங்குவது, எறும்போ ஈயோ மொய்ப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிடிக்க வேண்டும். பூனை வாயிலிருந்து விடுபட்டது என்று தெரிந்தால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் பிடிக்க வேண்டும்.

பிடிப்பதற்கு வெறும் கை ஆகாது. அணிலின் முன்பற்கள் உளிபோல் கூர்மையானவை. வலியில் இருக்கும் அணில் கட்டாயம் கடிக்கும். நாயையும் பூனையையும் கட்டிவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு மூங்கில் கூடையை மேலே கவிழ்த்து, அடியில் அட்டையை மெல்ல நுழைத்து எடுப்பதே எளிய வழி. கூடை இல்லையென்றால் மடித்த தடித்த துணியைப் போர்த்தி, உடல் முழுவதையும் தாங்கலாகத் தூக்கலாம். வாலைப் பிடித்து மட்டும் தூக்கக் கூடாது. வால் தோல் உறைபோல உரிந்து கையோடு வந்துவிடும்.

எடுத்த அணிலை வைக்க ஒரு செருப்பு டப்பாவே போதும். மூடியில் பென்சிலால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, உள்ளே பழைய வேட்டித் துணியைக் குழிவாக விரிக்க வேண்டும். குளியல் துண்டு விரித்தால் அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் அணில் மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டுமே. பாட்டில் ஆறிவிட்டால் அதுவே உடல் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். ஆகவே ஆறியதும் மாற்ற வேண்டும், மாற்ற முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். பிறகு மூடியைக் கயிற்றால் கட்டி, டிவி சத்தம் இல்லாத இருட்டு அறையில் வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவதும், படம் எடுப்பதும் அதன் உயிருக்குக் கேடு. தெளிந்துவிட்ட அணில் அட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதால், இரவு தங்க வேண்டியிருந்தால் டப்பாவைக் கம்பி வலைக் கூண்டுக்குள் வைப்பது நல்லது.

இந்த வேண்டுகோளின் முக்கியமான பகுதி, வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் என்பது. அடிபட்ட உயிரைக் கண்டதும் பாலாடையில் பாலோடு வருவது வீடுகளில் வழக்கம். அரை மயக்கத்தில் இருக்கும் அணிலால் விழுங்க முடியாது. ஊற்றிய பாலோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய், நுரையீரலில் சேர்ந்து, ஓரிரு நாளில் நிமோனியாவாகிக் கொன்றுவிடும். மூக்கில் பால் குமிழ் விட்டால் அது நடந்துவிட்டது என்று பொருள். விழுங்கிவிட்டாலும் பசும்பால் அணிலுக்குச் செரிக்காது. கழிச்சல் கண்டு, இருக்கும் நீரும் உடலை விட்டுப் போகும். வலி தீர மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. 50 கிலோ எடையுள்ள ஆளுக்கான மாத்திரை அது. அணில் அந்த எடையில் ஐந்நூறில் ஒரு பங்கு. காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை மெதுவாக அழுத்திப் பிடிக்கலாம். மண் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் சிறிது உப்பிட்டுத் துடைக்கலாம். சூடேறித் தெளிந்து, தானாக எழுந்து உட்கார்ந்த அணிலுக்கு மட்டும் ஒரு பாட்டில் மூடியில் தண்ணீரும் ஒரு துண்டு வெள்ளரியும் உள்ளே வைக்கலாம். குடிப்பதும் தின்பதும் அதன் விருப்பம்.

பூனைக்கடி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். பூனையின் வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்னும் கிருமி உள்ளே தங்கி ரத்தத்தில் கலந்துவிடும். மாலையில் நன்றாக இருந்த அணில் மறுநாள் காலை விறைத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். அன்றைக்கே கிருமிக்கொல்லி மருந்து தொடங்க வேண்டும், அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பசை அட்டையில் ஒட்டிய அணிலை இழுத்தால் தோலும் விரலும் பிய்ந்துவிடும். எஞ்சிய பசைமீது மாவையோ மணலையோ தூவி, அது மேலும் ஒட்டாமல் செய்துவிட்டு, சமையல் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டு மெல்ல விடுவிக்க வேண்டும். முடியாவிட்டால் அட்டையோடு மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது. மின்கம்பியில் அடிபட்டு விழுந்த அணில் எழுந்து நடந்தாலும் உள்ளே வெந்திருக்கக்கூடும். அதையும் காட்டியாக வேண்டும்.

கூட்டிலிருந்து விழுந்த குட்டிக்குக் காயம் இல்லையென்றால் முதல் உரிமை தாய்க்கு. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. குட்டியைக் கதகதப்பாக்கி, துணி விரித்த கொட்டாங்குச்சியிலோ சிறிய திறந்த பெட்டியிலோ வைத்து, விழுந்த மரத்திலேயே எறும்பும் பூனையும் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் விலகிவிட வேண்டும். தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோகும். அணில் பகலில் நடமாடும் விலங்கு. இருட்டிய பின் வராது. ஆகவே பொழுது சாயும்வரை பார்த்து, வராவிட்டால் உள்ளே எடுத்து, மறுநாள் காலை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈ முட்டைகள் அரிசிக் குருணைபோல் உடலில் ஒட்டியிருந்தால் காத்திருக்கவே கூடாது. கண் திறக்காத குட்டிக்கு எந்தப் பால், எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்பதும், ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் தடவிச் சிறுநீர் கழிக்கவைப்பதும் கேட்டுத் தெரிந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஓர் ஆள் வாரக்கணக்கில் பொழுதை ஒதுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவத்துக்கு முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். எலும்பு முறிவு போன்ற பெரிய காயத்துக்கு, வில்லியனூர்ப் பக்கம் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காட்டுயிர் என்பதால் புதுச்சேரி வனத்துறைக்குத் தெரிவிப்பதும் முறை. வேலை நேரத்தையும் தொலைபேசி எண்களையும் இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொண்டால், அவசர நேரத்தில் அலைய வேண்டாம். முதுகெலும்பு முறிந்து பின்பாதி செயலற்ற அணிலை வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால் அதை ஏற்பதும் உதவிதான். பல நாள் தரையில் இழுபட்டுச் சாவதைவிட அது கருணையானது.

பிடித்தவரை அணில் கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அணிலால் மனிதருக்கு ரேபிஸ் வருவது மிக மிக அரிது. இருந்தாலும் எந்த ஊசி தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விலங்குகளுக்குத் தேவையற்ற வேதனை தருவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. அந்த இரக்கம் கூண்டில் அடைத்து வளர்ப்பதாக முடியக் கூடாது. கையிலேயே வளரும் அணில் பூனைக்கு அஞ்சக் கற்பதில்லை. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை; மென்மையான தீனியே தின்றால் தேய வழியின்றி வளைந்து, வாயை மூட முடியாமல் போகும்.

தேறிய அணிலை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். எந்தக் கிளையிலிருந்து எந்தக் கூரைக்குத் தாவலாம், தண்ணீர் எங்கே, பதுங்க இடம் எங்கே என்பதெல்லாம் அதற்குத் தெரிந்த இடம் அதுதான். "ஏரிக்கரையில் மரம் நிறைய இருக்கிறது" என்று பாகூர் ஏரிப்பக்கம் கொண்டுபோய் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் அணில்கள் அதை விரட்டும். மழையில்லாத நாளாகப் பார்த்து, விடியற்காலையில் விட வேண்டும். மாலையில் விட்டால் இருட்டுவதற்குள் ஒதுங்க இடம் தேட முடியாமல் தவிக்கும். பல வாரம் உள்ளே இருந்த அணில் என்றால், முதலில் கூண்டை அதே மரத்தின் கிளையில் ஒரு வாரம் கட்டித் தொங்கவிட்டுப் பிறகு கதவைத் திறக்கலாம். திறந்த கூண்டில் சில நாள் நிலக்கடலையும் தண்ணீரும் வைத்திருந்து, அணில் வருவது நின்றபின் கூண்டை இறக்கிக்கொள்ளலாம்.