விதி இருக்கிறது, விரும்பியவர் எங்கே?

ஜோடியில்லாதவர்களை விலங்காக மாற்றிவிடும் ஒரு சமூகம். யோர்கோஸ் லாந்திமோஸ் 2015இல் எடுத்த, அவரது முதல் ஆங்கிலப் படமான 'தி லாப்ஸ்டர்' இந்தக் கற்பனையில்தான் தொடங்குகிறது. மனைவி பிரிந்துபோனதால் டேவிட் (காலின் ஃபாரல்) கடலோர ஓட்டலுக்குக் கொண்டுவரப்படுகிறான். கெடு 45 நாள். அதற்குள் துணை அமையாவிட்டால் சிங்கி இறாலாக வேண்டும் என்கிறான். அது நூறாண்டுக்கு மேல் வாழுமாம், கடைசிவரை இனம்பெருக்குமாம். கூடவே வரும் நாய், இதே ஓட்டலில் தோற்றுப்போன அவனுடைய சகோதரன்!

கான் விழாவின் ஜூரி பரிசும், திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் இந்த ஓட்டல் பகுதிக்கு மட்டும் என்றால் தகும். அங்கே ஜோடி சேர இருவருக்கும் ஒரே குறை இருக்க வேண்டும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியும் பெண்ணை அடைய, காலை விந்தி நடக்கும் ஒருவன் (பென் விஷா) தன் மூக்கைத் தானே இடித்து உடைத்துக்கொள்கிறான். சிரித்துவிட்டோம், பிறகுதான் உறைக்கிறது, தனியாக இருக்கப் பயந்தவன் எதற்கெல்லாம் இறங்குவான் என்று. படத்தில் தனிமையின் வலி எனக்கு எட்டியது இங்கேதான்.

பிறகு டேவிட் காட்டுக்குத் தப்புகிறான். அங்கே நேர்மாறான சட்டம்: காதலித்தால் தண்டனை. அவரவர் சவக்குழியை அவரவரே தோண்டிவைக்க வேண்டும். ஆடுவதென்றாலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனித்தனியாக. ஓட்டலைத் தலைகீழாக்கினால் காடு. அதற்கு மேல் இந்தப் பகுதி எதையும் கண்டுபிடிக்கவில்லை.

என் முக்கியமான குறை வசனம் பேசும் விதத்தில். எல்லாரும் ஏற்ற இறக்கமின்றி, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசுகிறார்கள். பயந்துபோன ஓட்டல்வாசிகளுக்கு அது பொருந்தியது. காட்டில் கிட்டப்பார்வைப் பெண்ணிடம் (ரேச்சல் வைஸ்) மனதைப் பறிகொடுத்த டேவிடும் அப்படியே பேசினால், காதலுக்கு முன்பிருந்தவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? இங்கும் பொதுக்குறையான கிட்டப்பார்வைதான் இருவரையும் சேர்க்கிறது. ஓட்டலின் விதி அவர்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது என்பதே படத்தின் கருத்து என்று வாதிடலாம். கருத்து புரிகிறது. ஆனால், காதலித்த தண்டனையாக அவளைக் குருடாக்கும்போதுகூட நமக்குப் பதறவில்லையே!

லாந்திமோஸுக்குப் பதறவைக்கத் தெரியாமலில்லை. 2009இல் வந்த 'டாக்டூத்' படத்திலும் விசித்திர விதிகள்தான். அங்கே விதித்தவர் ஒரு தகப்பன். கோரைப்பல் விழுந்தால்தான் வெளியேறலாம் என்ற விதியால், மதிலுக்குள் அடைபட்ட மூத்த மகள் தன் கோரைப்பல்லைத் தானே பெயர்த்தெடுக்கும்போது நமக்கு வலிக்கிறது. 'தி லாப்ஸ்டர்' படத்தில் சட்டம் யாருடையது, யாருக்காக என்று தெரியாததால் கோபப்படக்கூட ஆளில்லை.

கடைசியில், அவளைப்போல் தானும் குருடாக, உணவகக் கழிப்பறையில் டேவிட் கத்தியைத் தன் கண்ணருகே கொண்டுபோகிறான். குத்திக்கொண்டானா என்று சொல்லாமல் விட்டதைத் துணிச்சல் என்று கொண்டாடுகிறார்கள். அவன் அவளை நேசித்தானா என்பதே எனக்குத் தெரியாதபோது, குத்தினால் என்ன, விட்டால் என்ன?

- கட்டுரையாளர், திரைக்கதைப் பயிற்றுநர்