பஸ் பாடி, லூனா இன்ஜின்

காலேஜில் நான் என்.சி.சி.யில் சேர்ந்தது நாட்டுப்பற்றால் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். பரேடு முடிந்ததும் தரும் பூரி கிழங்குதான் காரணம். (உங்களில் பாதிப் பேர் தலையாட்டுவது தெரிகிறது.)

1983-ல் முதல் தடவையாக ஃபயரிங்குக்குக் கூட்டிப்போனார்கள். கையில் கொடுத்த ரைஃபிளைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. இங்கிலீஷ் யுத்தப் படங்களில் பார்த்த அதே லீ-என்ஃபீல்ட். நாலு கிலோ கனம். அப்புறம் ரவுண்டைக் கொடுத்தார்கள். ஜலதோஷ மாத்திரை சைஸ்!

"என்ன முழிக்கிறே? இது நெஜ த்ரீ நாட் த்ரீதான் தம்பி. உள்ள ஆபரேஷன் பண்ணி பாயிண்ட் டூ டூ ஆக்கியிருக்கு" என்றார் ஹவில்தார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக இருந்தவர்.

விஷயம் இதுதான். த்ரீ நாட் த்ரீ குண்டு 11 கிராம், சுட்டால் தோள்பட்டையில் உதை, செலவும் ஜாஸ்தி. டூ டூ குண்டு இரண்டரை கிராம் சொச்சம். அதனால் 1900-களின் ஆரம்பத்திலேயே பிரிட்டிஷ் ராணுவம் பழைய ரைஃபிள்களைப் பயிற்சிக்காக மாற்றத் தொடங்கிவிட்டது. சிலதில் குழலைக் குடைந்து உள்ளே மெல்லிய குழாய். சிலதில் புதுக் குழலே. பெரிய ரவுண்டுக்கு நடுப்பொட்டில் அடிக்க வேண்டும், சின்னதற்கு விளிம்பில். வெடிக்கவைக்கும் மருந்து அதன் விளிம்புக்குள் இருக்கிறது. ஆகவே அடிக்கும் ஊசியும் மாறியது. கட்டை, கனம், குறி பார்ப்பது எல்லாம் பழையபடி. பஸ் ஓட்டக் கற்றுக்கொள்ள, பஸ் பாடிக்குள் லூனா இன்ஜின் வைத்த மாதிரி.

பத்து ரவுண்டு பிடிக்கும் மேகஸின் மட்டும் வேலையிழந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் டப்பாவை மாட்டியிருந்தார்கள். கையால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட, காலி கேஸ் அந்த டப்பாவில் விழும். சுருக்கமாக, குப்பைத்தொட்டி.

பத்துப் பேர், ஆளுக்கு அஞ்சு. என் டார்கெட்டில் இரண்டு ஓட்டை, பக்கத்து ஆசாமியுடையதில் எட்டு. கணக்கு உங்களுக்கே புரியும். சிரித்து முடிப்பதற்குள் காலி கேஸை எண்ணிய ஹவில்தாரின் முகம் மாறியது. நாற்பத்தொன்பது!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ஒண்ணைச் சுட்டுட்டு வந்து கீ செயின் பண்ணப்போறேன்' என்று முதல் நாள் ஹாஸ்டலில் அளந்தது நான்தான். பாக்கெட், ஷூ, சாக்ஸ் வரை சோதனை. என் 'பி' சர்டிபிகேட் கோவிந்தா என்று நினைத்துக்கொண்டேன்.

"எடுத்திருந்தா குடுத்துடு ராஜா. இத்தனை வருஷ சர்வீஸ்ல சிவப்பு மை பட்டதில்லே" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் விரல்கள் நடுங்கின.

"சார், நான் எடுக்கலை. என் மேகஸினை இன்னொரு தரம் கழட்டுங்க சார்."

"தட்டியாச்சுப்பா."

"இன்னொரு தரம் சார்."

தட்டினார். ஒன்றுமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். 56 மில்லிமீட்டர் கேஸுக்காகச் செய்த டப்பாவின் மூலையில் கிரீஸ் அப்பி, அதில் ஒட்டிக்கொண்டிருந்தது 15 மில்லிமீட்டர் பித்தளை.

ரிஜிஸ்டரில் 50 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தன் பங்குப் பூரியை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போயிருந்தது.